எட்டாம் வகுப்பில் நிறவெறி பற்றிய நாவல்: வகுப்பே ஒரே பதிலை எழுதினால் என்ன செய்வது?

தாமிரபரணி_டீச்சர்:

இங்கிலீஷ் எடுக்கிறவங்க யாராவது இருந்தா ஒரு வழி சொல்லுங்க. தென்மாவட்டத்துல ஒரு சிபிஎஸ்இ ஸ்கூல். எட்டாம் வகுப்புக்கு வாரத்துக்கு ரெண்டு பீரியட் நாவல் படிக்கன்னே டைம்டேபிள்ல போட்டிருக்காங்க. பரீட்சைக்கு வராது, ப்ராஜெக்ட் மார்க் மட்டும் உண்டு. புத்தகத்தை நீங்களே பார்த்து எடுங்கன்னு விட்டுட்டாங்க. நான் எடுத்தது மில்ட்ரெட் டி. டெய்லர் எழுதின 'ரோல் ஆஃப் தண்டர், ஹியர் மை க்ரை'. 1976ல வந்தது, அடுத்த வருஷம் நியூபெரி பதக்கம் (அமெரிக்காவுல சிறுவர் இலக்கியத்துக்குத் தர்ற பரிசு) வாங்கினது.

படிக்காதவங்களுக்காக: 1933, அமெரிக்காவோட தெற்குல மிசிசிப்பி மாநிலம். கதை சொல்றது கேஸி லோகன், ஒன்பது வயசுக் கறுப்பினப் பொண்ணு. ஒரு அண்ணன், ரெண்டு தம்பிங்க. பருத்தி விளையுற பூமி. சுத்தி இருக்கிற கறுப்பினக் குடும்பங்கள்ல முக்கால்வாசி வெள்ளைக்காரப் பண்ணையார் நிலத்துல, விளைச்சல்ல பங்கு குடுத்து, வாரத்துக்குப் பாடுபடுதுங்க. இவங்களுக்கு மட்டும் சொந்தமா 400 ஏக்கர். கதையோட முடிச்சு பூரா அந்த நிலத்துலதான் இருக்கு.

முதல் அத்தியாயத்துலயே பாடப்புத்தக சீன் வந்துடும். கடைசித் தம்பிக்கு ஆறு வயசு, லிட்டில் மேன்னு கூப்பிடுவாங்க. சட்டையில ஒரு பொட்டு அழுக்குப் பட்டாலும் தாங்காதவன். பள்ளிக்கூடத்துல முதல் நாள். கையில கிடைச்ச புத்தகம் கிழிஞ்சு அழுக்கா இருக்கு. வேற குடுங்கன்னு கேட்டா டீச்சர் முடியாதுங்கிறாங்க. சரின்னு வாங்கிட்டுப் போய் அட்டையைத் திறந்து பார்த்தவன், அதைத் தரையில எறிஞ்சு மிதி மிதின்னு மிதிக்கிறான். அட்டைக்கு உள்பக்கம் ஒரு அட்டவணை. 1922லேருந்து அந்தப் புத்தகம் யார் யார் கைக்குப் போச்சு, எந்த நிலையில இருந்துச்சு, வாங்கின பிள்ளை என்ன இனம்னு வரிசையா எழுதியிருக்கு. பதினோரு வரிசைக்கும் வெள்ளை. பன்னிரண்டாவதுல புத்தகம் 'மிக மோசம்', இனம்ங்கிற கட்டத்துல கறுப்பினத்தவரைக் கேவலமாச் சொல்ற வார்த்தை.

வாசிக்கும்போது வகுப்பு கப்சிப். நல்லாப் போகுதுன்னு நினைச்சு ஒர்க்‌ஷீட் குடுத்தேன்: லிட்டில் மேன் இடத்துல நீ இருந்தா உனக்கு எப்படி இருந்திருக்கும்? நோட்டை வாங்கித் திருத்த உட்கார்ந்தா அத்தனை பேரும் ஒரே பதில். 'ஐ வில் ஃபீல் வெரி சேட். ஆல் ஆர் ஈக்வல். வீ ஷுட் நாட் டிஸ்கிரிமினேட்.' அஞ்சாவது வரைக்கும் ஸ்டேட் போர்டுல படிச்சிட்டு வந்த ஒரு பையன், தீண்டாமை ஒரு பாவச்செயல், பெருங்குற்றம், மனிதத்தன்மையற்ற செயல்னு அவங்க புத்தகத்து முன்பக்கத்துல இருந்ததை அப்படியே இங்கிலீஷ்ல இறக்கி வெச்சிருந்தான். எழுத்துப்பிழை கூட இல்லை.

இதே பிள்ளைங்கதான் டிபன் பாக்ஸைத் திறக்கும்போது யார் பக்கத்துல யார் உட்காரணும்னு ஒரு கணக்கு வெச்சிருக்காங்க. நாங்குநேரியில பட்டியல் சாதி மாணவனைக் கூடப் படிச்ச பசங்களே வீடு புகுந்து வெட்டினது 2023 ஆகஸ்ட்ல, எங்க ஊருக்கு அது ரொம்பத் தூரம் இல்லை. அதுக்கப்புறம் அரசு போட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூன்ல அறிக்கை குடுத்தாங்க. கையில கலர் கயிறு கூடாது, மோதிரம் கூடாது, சைக்கிள்ல சாதி அடையாளம் கூடாதுன்னு அதுல இருக்கு. கயிறு இப்ப கண்ணுல படுறதில்லை. அவ்வளவுதான் என்னால சொல்ல முடியும்.

போன வாரம் ஒரு பொண்ணு, 'மிஸ், இது நம்ம ஊர்லயும் இருக்குல்ல'ன்னா. உடனே நாலஞ்சு தலை ஒரே பெஞ்சுப் பக்கம் திரும்புச்சு. நான் அடுத்த பத்திக்குப் போயிட்டேன். அந்த நிமிஷத்துக்கு அது சரின்னுதான் இப்பவும் நினைக்கிறேன். ஆனா மறுபடியும் வரும்ல?

இந்த 'ஐ வில் ஃபீல் சேட்'ஐ எப்படித் தாண்டுறது? சாதின்னு நானா எடுக்கணுமா, அவங்களா எடுக்க விடணுமா? அப்புறம் நாவல்ல வர்ற அந்த இழிசொல்லை எல்லாம் வாய்விட்டு வாசிக்கலாமா?

சாக்பீஸ்_தூள்:

டீச்சர், பிள்ளைங்க மேல தப்பில்லை, கேள்வி அப்படி. 'உனக்கு எப்படி இருந்திருக்கும்'னு கேட்டா எட்டாவது படிக்கிற பிள்ளை மார்க் வாங்கத் தோதா எது இருக்கோ அதைத்தான் எழுதும். எல்கேஜியிலேருந்து நாம பழக்கினது அதுதானே. நீதி போதனை பீரியட்ல கேட்டதைத் திருப்பிக் குடுக்குறாங்க. உணர்ச்சியைக் கேட்கவே கேட்காதீங்க. புத்தகத்துல என்ன இருக்குன்னு கேளுங்க.

இந்த நாவலை மதுரையில ஒரு மெட்ரிக் பள்ளியில ஒன்பதாவதுக்கு எடுத்திருக்கேன். அந்த அட்டவணையை நான் அப்படியே போர்டுல எழுதிடுவேன். பன்னிரண்டு வரிசை, நாலு கட்டம். முதல் வரிசையில 'புதுசு', அப்புறம் வரிசை இறங்க இறங்க புத்தகத்தோட நிலையும் இறங்கிட்டே வரும். கடைசிக் கட்டத்துல அந்த வார்த்தையை எழுத மாட்டேன், கோடு போட்டு விட்டுடுவேன். எழுதி முடிச்சிட்டு ஒண்ணும் பேசாம உட்காரணும், அதுதான் கஷ்டம். பிள்ளைங்களே எண்ண ஆரம்பிப்பாங்க. அப்புறம் கேள்வி: இந்தக் கட்டத்தை யார் பேனா பிடிச்சு நிரப்பினது? வெள்ளைப் பிள்ளை படிச்ச பதினோரு வருஷமும் இனம்னு ஒரு கட்டம் அதுல எதுக்கு இருந்தது? பன்னிரண்டாவது வருஷம் அது யார் கைக்குப் போகப் போகுதுன்னு 1922லயே ஒருத்தருக்குத் தெரிஞ்சிருக்கு, இல்லையா? இதுக்கு 'சேட்'னு பதில் எழுதவே முடியாது.

அந்த அட்டவணையை ஏதோ கெட்ட மனுஷன் ஒருத்தன் பண்ணின வேலைன்னு பிள்ளைங்க நினைச்சிடக் கூடாது. பக்கத்துலயே மிசிசிப்பியோட 1890 அரசியலமைப்பு, 207வது பிரிவுன்னு எழுதுங்க. வெள்ளைப் பிள்ளைகளுக்கும் கறுப்பினப் பிள்ளைகளுக்கும் தனித்தனிப் பள்ளி நடத்தணும்ங்கிறதுதான் அது. ஆறு வருஷம் கழிச்சு பிளெஸ்ஸி வழக்குல அமெரிக்க உச்ச நீதிமன்றம், தனியா இருந்தாலும் சமமா இருந்தா சரின்னு சொல்லிடுச்சு. பள்ளி விஷயத்துல அது மாற 1954, பிரவுன் வழக்கு வரைக்கும் ஆச்சு. இதைச் சொல்லிட்டு, 'சமமா இருந்ததா'ன்னு மட்டும் கேட்டு விடுங்க. பஸ், புத்தகம், கட்டடம்னு அவங்களே பக்கம் புரட்டித் தேடுவாங்க. கொடி இருக்கே, அதைக் கண்டிப்பா விட்ராதீங்க. வெள்ளைப் பிள்ளைங்க பள்ளி முன்னாடி மேலே மிசிசிப்பி மாநிலக் கொடி, அதுல உள்நாட்டுப் போர்ல அடிமை முறைக்காக நின்ன கூட்டமைப்போட சின்னம். அதுக்குக் கீழேதான் அமெரிக்கக் கொடி. டெய்லர் ஒரு விளக்கமும் குடுக்காம தாண்டிப் போயிடுறாங்க. அந்த மாநிலம் அந்தக் கொடியை இறக்கினது 2020ல. வருஷத்தைச் சொன்னதும் பின்பெஞ்சு ஆளே நிமிர்ந்து உட்காருவான்.

நான் ரொம்ப நேரம் செலவழிக்கிற இடம் மிஸ் க்ராக்கர். லிட்டில் மேனை அடிக்கிறாங்களே அந்த டீச்சர். அவங்களும் கறுப்பினப் பெண்தான். கேஸி ஓடிப்போய் அட்டவணையைக் காட்டினா, 'நீங்க அதுதானே, போய் உட்காரு'ங்கிற தொனியில பதில் வருது. நம்ம பிள்ளைங்களுக்கு இது புரியாத விஷயமில்லை, ஆனா எந்தப் பாடப்புத்தகமும் இதைப் பேசாது. மேல இருக்கிறவன் அடிக்கிறான், கீழ இருக்கிறவன் அடி வாங்குறான்னு மட்டும்தான் பாடம் இருக்கும். இங்க அடிக்கிற கை அதே நிறம். ஏன்? வேலை போயிடும்னா? ஊர் இப்படித்தான், பிள்ளை இப்பவே தெரிஞ்சுக்கட்டும்னா? வகுப்பு ரெண்டாப் பிரிஞ்சு சண்டை போடும். போடட்டும். நீங்க தீர்ப்பு சொல்லிடாதீங்க.

அதே பள்ளியில ஏழாவதுக்கு டீச்சரா இருக்கிற கேஸியோட அம்மா, அட்டை அளவுக்குக் காகிதம் வெட்டி அந்த அட்டவணை மேல பசை போட்டு ஒட்டிடுறாங்க. கத்தலை, மனு எழுதலை. ஒட்டுறாங்க. முதல் அத்தியாயத்துல படிக்கும்போது சின்ன விஷயமாத் தெரியும். எட்டாவது அத்தியாயத்துல பண்ணையார் ஹார்லன் க்ரேஞ்சர் ஆளுங்களோட வகுப்புக்குள்ள வந்து நிப்பாரு. அந்த அம்மா அன்னிக்கு அடிமை முறை வரலாறு எடுத்துட்டிருப்பாங்க, அது அரசாங்கப் புத்தகத்துல இல்லாதது. ஒட்டின காகிதமும் அங்க பேச்சுல வரும். வேலை போகும். ரெண்டு அத்தியாயத்தையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு வாசிக்க வைங்க.

இன்னொண்ணு, உங்க ஊர் ஆத்துப் பாசனம். வாரம், குத்தகைன்னா அங்க பிள்ளைங்களுக்கு அகராதி தேவையில்லை. லோகன் குடும்பம், கறுப்பின ஆளுங்களைத் தீ வெச்ச வாலஸ் சகோதரர்களோட கடையில யாரும் சாமான் வாங்கக் கூடாதுன்னு கிளம்பினதும் க்ரேஞ்சர் என்ன பண்றார்? பருத்தியில 50 சதவீதம் வாங்கிட்டிருந்தவர் 60 ஆக்குறார். ஒரு பேல் பருத்திக்கு எவ்வளவு போச்சுன்னு கணக்குப் போடச் சொல்லுங்க. கடையில கடன், நிலத்துல வாரம், மிச்சம் என்ன? வெறுப்பைப் பத்தி ரெண்டு மணி நேரம் பேசுறதைவிட இந்தக் கணக்கு ஆழமாப் போகும். குடியானவங்க ஒவ்வொருத்தரா ஏன் பின்வாங்கினாங்கன்னும் அப்பதான் விளங்கும்.

சாதி பத்தி: நீங்களா எடுக்க வேண்டாம். பிள்ளைங்க எடுத்தா மூடவும் வேண்டாம். 'ஆமா, இருக்கு'ன்னு ஒரு வார்த்தை. அதோட புத்தகத்துக்குத் திரும்பிடுங்க. 'உங்க வீட்ல எப்படி', 'யாருக்காவது நடந்திருக்கா' மாதிரிக் கேள்வி வகுப்புல வாயிலேருந்தே வரக் கூடாது. அந்தப் பெஞ்சுல உட்கார்ந்திருக்கிற பிள்ளை இங்கிலீஷ் படிக்க வந்திருக்கு, சாட்சி சொல்ல வரலை. நேரடியாப் பேசிப் பார்க்கணும்னா பன்னிரண்டாவது வரட்டும். அங்க சிபிஎஸ்இயே 'மெமரீஸ் ஆஃப் சைல்ட்ஹுட்'னு ஒரு பாடத்துல தலித் எழுத்தாளர் பாமாவை வெச்சிருக்கு. மேல்சாதிக்காரருக்கு வாங்கின வடைப் பொட்டலத்தை அவங்க தெருப் பெரியவர் ஒருத்தர், கை படக் கூடாதுன்னு நூலைப் பிடிச்சுத் தூக்கிட்டுப் போற காட்சி அதுல இருக்கு. எழுதினவங்களே தன் கதையைச் சொல்றாங்க, வகுப்புல யாரையும் யாரும் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை.

எட்டாம்_பி_அப்பா:

குறுக்க வர்றதுக்கு மன்னிக்கணும். என் பொண்ணும் எட்டாவதுதான், வேற ஊர். ஒரு அப்பாவாக் கேட்கிறேன், இந்த வயசுல இதெல்லாம் எதுக்கு? என் பொண்ணுக்குச் சாதின்னா என்னன்னே தெரியாது. ஒரு நாள் கூட வீட்ல பேசினதில்லை. இங்கிலீஷ் பீரியட்ல பஞ்சாயத்து வெச்சு நாமளே விதைச்ச மாதிரி ஆயிடக் கூடாது. பிள்ளைங்க டென்ஸ் ஒழுங்கா எழுத மாட்டேங்குது, அதைப் பாருங்க முதல்ல. தப்பா எடுத்துக்காதீங்க.

மிசிசாகா_வாத்தி:

நான் இஞ்சை கனடாவிலை, மிசிசாகாவிலை ஹைஸ்கூலிலை இங்கிலீஷ் படிப்பிக்கிறன். உங்கடை மூண்டாவது கேள்விக்கு முதல்லை வாறன், அது சுகமான கேள்வி. அந்தச் சொல்லை வாய்விட்டு வாசிக்க வேண்டாம். நீங்களும் வாசிக்க வேண்டாம், பிள்ளையளையும் விட வேண்டாம். பக்கத்திலை அது இருக்கட்டும், கண் பார்க்கட்டும். நாவல் தொடங்கேக்கையே 'இந்தச் சொல் வரும், நான் இதிலை நிப்பாட்டித் தாண்டுவன்' எண்டு சொல்லிப்போட்டால் பிறகு ஒருத்தரும் சிரிக்கமாட்டினம். நடுவிலை போய்ச் சொன்னால்தான் பொடியள் விளையாட்டாக்குவினம்.

நீங்கள் தெரிஞ்செடுத்த புத்தகம் நல்ல தெரிவு. இஞ்சை கனகாலமா இந்தத் தலைப்பெண்டால் 'டு கில் எ மாக்கிங்பேர்ட்'தான், 1960இலை வந்தது. 2018இலை எங்கடை பீல் பள்ளிக்கூடச் சபை, அதைப் படிப்பிக்கிறதெண்டால் ஒடுக்குமுறைக்கு எதிரான பார்வையோடைதான் படிப்பிக்கவேணும் எண்டு இங்கிலீஷ் பகுதித் தலைவர்மாருக்கு எழுதினது. அது தடை இல்லை. ஆனால் கேட்டது நியாயமான கேள்வி. அந்தக் கதையிலை குற்றஞ்சாட்டப்பட்டவன் டாம் ராபின்சன், கறுப்பினத்தவன்; கதை சொல்லுறது அவனுக்காக வாதாடுற வெள்ளைக்கார வக்கீலின்ரை மகள். டாமின்ரை வீட்டுக்குள்ளை என்ன நடக்குது எண்டு வாசிக்கிற பிள்ளைக்குச் சரியாத் தெரியாது. டெய்லரின்ரை கதையிலை ஆராவது வெளியாலை இருந்து வந்து காப்பாத்துவினம் எண்டு லோகன் குடும்பம் பாத்துக்கொண்டு இருக்கேல்லை. கடையைப் புறக்கணிக்கிறதும் அவையள், காகிதம் ஒட்டுறதும் அவையள். லோகன் பிள்ளையள், வெள்ளைப் பிள்ளையளின்ரை பஸ் விழுறதுக்கு றோட்டிலை கிடங்கு வெட்டுற இடத்தை எந்த வகுப்பிலை வாசிச்சாலும் கை தட்டுவாங்கள்.

தலை திரும்புற விஷயம் இஞ்சையும் அதேதான். வகுப்பிலை ரெண்டு கறுப்பினப் பிள்ளையள் இருந்தால் எல்லாக் கண்ணும் அவையிலைதான். அதுக்கு நான் செய்யிறது, வாசிக்கேக்கை வாங்குகளை வட்டமாப் போடுறேல்லை, வரிசையிலை விடுறது. சின்ன வேலை, ஆனால் ஒருத்தரின்ரை முகத்தை ஒருத்தர் பாக்கேலாது.

எங்கடை தமிழ்ப் பிள்ளையள் பற்றி ஒண்டு. 'எங்களுக்கும் இப்படித்தான் நடந்தது சேர்' எண்டு 1981 யாழ்ப்பாண நூலக எரிப்பு, 1983 கலவரம் எல்லாம் ஒப்புவிப்பினம், வீட்டிலை கேட்டு வளந்தது. அது உண்மை, நான் மறிக்கிறேல்லை. ஆனால் 1968இலை யாழ்ப்பாணத்து மாவிட்டபுரம் கோயிலுக்குள்ளை விடச் சொல்லி ஒடுக்கப்பட்ட சாதிச் சனம் வாசலிலை நிண்டது ஒரு பிள்ளைக்கும் தெரியாது. நான் சொன்னால் ஒரு நிமிஷம் சத்தம் இல்லை. பிறகு ஒரு பிள்ளை எப்பவும் கேட்கும்: 'வாசலை மறிச்சது ஆர் சேர்?' வீட்டிலை போய்க் கேளுங்கோ எண்டு அனுப்புவன். மற்ற நாள் ஒரு சில பெற்றோர் போன் எடுப்பினம், அது வேறை கதை.

சாக்பீஸ்_தூள்:

எட்டாம் பி அப்பாவுக்கு: தப்பா எடுத்துக்கலை சார். உங்க பொண்ணுக்குச் சாதி தெரியாதுன்னா அவளுக்கு இது மிசிசிப்பி கதை, அவ்வளவுதான், ஒரு நஷ்டமும் இல்லை. பக்கத்து பெஞ்சுல தெரிஞ்ச பிள்ளை ஒண்ணு இருக்கும். லிட்டில் மேனுக்கு ஆறு வயசு, அவனுக்கும் யாரும் பாடம் எடுக்கலை. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிஞ்சது, அட்டையைத் திறந்தான். டென்ஸ் பத்தி நீங்க சொன்னது சரி. ஆனா அதையும் இதுலயே சொல்லிக் குடுக்கலாம். முழு நாவலும் பாஸ்ட் டென்ஸ், பேச்சு மட்டும் மிசிசிப்பி வட்டார வழக்கு. அந்தப் பேச்சுல நாலு வரியைப் பரீட்சை இங்கிலீஷுக்கு மாத்தி எழுதச் சொல்லிப் பாருங்க, ஒர்க்புக்ல இருக்கிறதைவிட நல்ல எக்சர்சைஸ்.

டீச்சருக்கு: ஆனா இந்த மாதிரிப் பெற்றோர் உங்க ஸ்கூல்லயும் இருப்பாங்க, வாட்ஸ்அப் குரூப்ல முதல்ல வெடிக்கும். புத்தகத்தோட பேர், பரிசு, அத்தியாயவாரியா எந்த வாரம் என்ன, என்ன ப்ராஜெக்ட்னு ஒரு பக்கத்துக்கு எழுதி பிரின்சிபால்கிட்ட கையெழுத்து வாங்கி வெச்சுக்கோங்க. வாயால கேட்டு வாங்கின அனுமதி புகார் வர்ற அன்னிக்குக் காணாமப் போயிடும்.

தாமிரபரணி_டீச்சர்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. அட்டவணையை இன்னிக்கு போர்டுல போட்டேன். மூணாவது வரிசை எழுதும்போதே ஒரு பொண்ணு, 'மிஸ், இதுல புத்தகத்துக்கு வயசாகுதா, பிள்ளைங்களுக்கா'ன்னு கேட்டா. எனக்கே உடனே பதில் வரலை. யார் நிரப்பினாங்கங்கிற கேள்விக்கு வகுப்பு மூணாப் பிரிஞ்சிடுச்சு: வெள்ளைக்கார ஸ்கூல் டீச்சர், கல்வி அதிகாரி, மிஸ் க்ராக்கரே. பெல் அடிச்சும் முடியலை. ஸ்டேட் போர்டுப் பையன்தான் 'க்ராக்கர் இல்லை, அவங்க கைக்கு வரும்போதே எழுதித்தான் வந்திருக்கும்'னு சாதிச்சிட்டிருந்தான், ஒவ்வொரு பக்கமாக் காட்டி. பிரின்சிபாலுக்கும் எழுதிக் குடுத்தாச்சு.

அடுத்து ஜெரமி சிம்ஸ். எங்க வகுப்புக்கு அவனை அவ்வளவு பிடிச்சிருக்கு. பஸ்ல போகாம இவங்களோட மண்ரோட்டுல நடந்து வர்ற வெள்ளைக்காரப் பையன். கிறிஸ்துமஸுக்கு கேஸியோட அண்ணன் ஸ்டேஸிக்குப் புல்லாங்குழல் செஞ்சு கொண்டு வர்றான். ஸ்டேஸியோட அப்பா அவன்கிட்ட பேசினதுக்கு அப்புறம் ஸ்டேஸி அதை வாசிக்காம பெட்டியில வெச்சிடுறான். 'அவன் நல்லவன்தானே மிஸ், அப்பா ஏன் அப்படிச் சொன்னாரு'ன்னு கிட்டத்தட்டக் கோவமாவே கேட்கிறாங்க. இதுக்கு என்ன பண்ணுவீங்க?

சாக்பீஸ்_தூள்:

கோவம் வரட்டும் டீச்சர், நல்ல கோவம் அது. அப்பா ஜெரமியைக் கெட்டவன்னு எங்கயும் சொல்லலை, அந்தப் பக்கத்தை மறுபடி வாசிக்க வைங்க. ரெண்டு பேரும் சமமா நிக்காத இடத்துல நட்பு நிலைக்காதுங்கிறதுதான் அவர் பேச்சு. அதோட நிறுத்திட்டு ஒரே கேள்வி குடுங்க: இந்த நட்பு ஊருக்குத் தெரிஞ்சா ஜெரமிக்கு என்ன ஆகும், ஸ்டேஸிக்கு என்ன ஆகும்? ரெண்டு பத்தியா, பக்கத்துல பக்கத்துல எழுதட்டும். ஜெரமியோட அண்ணன்கள் ஸ்டேஸியோட கூட்டாளி டி.ஜே.யை என்ன பண்ணினாங்கன்னு கடைசி அத்தியாயங்கள்ல வரும், அதுக்கு முன்னாடி இதை எழுதி வாங்கிடுங்க. படிச்சு முடிச்சதும் அதே தாளைத் திருப்பிக் குடுத்து வேற மையில திருத்தச் சொல்லுங்க. மார்க் போடாதீங்க அதுக்கு.